இரண்டாவது உதை

போன வருடம் மாசி மகம் முடிந்த மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்தில் நடந்தது இது. நான் அங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மெதுவாகத்தான் விடியும். வாரம் முழுக்க வெயிலில் நின்று விசில் ஊதுகிறவளுக்கு ஒரு நாள் தூங்க உரிமை கிடையாதா என்று வீட்டில் சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிற சலுகை அது. அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போன் அடித்தது.

"எங்கடி இருக்க? பஸ்ல வந்துகிட்டிருக்கேன். புதுச்சத்திரம் தாண்டிடுச்சி. உங்க ஸ்கூல்ல பிளாக் இருக்குதா?"

நல்லா இருக்கியா, தூங்கறியா, எதுவும் கிடையாது. இரண்டு வருடமாக நேரில் பார்க்காத தோழியிடம் ஒருத்தி இப்படியா பேச்சைத் தொடங்குவாள்? ஆனால் அவள் பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். எதிலும் அவளுக்குக் கிளம்புவதுதான் முக்கியம். இருக்கிறது என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

அவளை உங்களில் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் இரண்டிலும் பல வருடங்கள் இந்த நாட்டில் அவளை முந்த ஆளில்லாமல் இருந்தது. பனியனில் இந்தியா என்று எழுதிக்கொண்டு வெளிநாடுகளில் ஓடி மெடல் வாங்கியவள். கடலூர் முதுநகரில் அவள் பெயரில் பேனர் கட்டாத கம்பம் இல்லை என்கிற அளவுக்கு ஒரு காலம் இருந்தது.

அவள் கேட்ட பிளாக் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓட்டக்காரர்கள் கோட்டுக்குப் பின்னால் குனிந்து கை ஊன்றி உட்காருவார்கள் இல்லையா, அப்போது பாதத்துக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புச் சாதனம் அது. நடுவில் ஒரு சட்டம், அதன் இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு மிதிகட்டைகள். சத்தம் கேட்டதும் அதை உதைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ரப்பர் போட்ட சிந்தடிக் ட்ராக்கில் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் காலத்துக் கடலூர் மைதானம் மண் மைதானம். நீளமான ஆணி வைத்து அடிப்பார்கள். மாவட்டப் போட்டிகளோ எப்போதும் மழைக்காலத்தில் வந்து தொலைக்கும். ஈர மண்ணில் ஆணி நிற்காது. உதைக்கிற வேகத்தில் பிளாக் பின்னால் நழுவினால், ஓட வந்தவள் கோட்டின் மேலேயே மூக்கு உடைந்து விழுவாள்.

அதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வழி வைத்திருந்தோம். பிளாக்குக்குப் பின்னால் ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் சட்டத்தின் முனையில் வைத்து அழுத்திக்கொள்வது. பிளாக் பிடிப்பது என்று அதற்குப் பெயர். காலால் செய்வதற்கு ஏன் பிடிப்பது என்று பெயர் வந்ததோ தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பி.டி. டீச்சர் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினார்.

"நீதான் நல்லா வாட்டசாட்டமா இருக்க. அவ பின்னாடி போய் குந்து."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி இப்படி எடை பார்த்துக் கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து பள்ளி முடிகிற வரைக்கும் அவளுக்குப் பிளாக் பிடித்தது நான்தான். அவள் முதுநகர்ப் பெண், அப்பா துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். நான் திருப்பாதிரிப்புலியூர், அப்பாவுக்குத் தையல் கடை. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம் இருந்தது. ஆனால் மைதானத்தில் அவள் குதிகாலுக்கும் என் உள்ளங்காலுக்கும் நடுவில் ஒரு இரும்புச் சட்டம்தான்.

நானும் ஓடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நானூறு மீட்டர். ஃபைனலுக்கு வந்துவிடுவேன், மெடலுக்கு வர மாட்டேன். என் ஓட்டம் வருகிற நேரத்தில் அவள் நூறு மீட்டரை முடித்துவிட்டு இருநூறுக்காகத் துண்டைப் போட்டுப் படுத்திருப்பாள். அவளை எழுப்பக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. எனக்கு யாராவது ஒருத்தி, கையில் கிடைத்தவள், வந்து உட்காருவாள். ஒருத்தி பிளாக் பிடித்துக்கொண்டே சோளப்பொரி தின்றாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு ஓட்டம் தெரியாது. துப்பாக்கியோ, இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டுகிற கிளாப்பரோ சத்தம் போட்டதும் முகத்தில் மண் வந்து அடிக்கும். கண்ணைத் திறந்தால் அவள் முதுகு தூரத்தில் இருக்கும். அவள் ஜெயித்தாளா என்பதை மற்றவர்கள் கத்துவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். ஆனால் மற்ற யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவள் உதைப்பது எனக்குப் பாதத்தில் தெரியும்.

இரண்டு உதை அது. பின்னங்கால் உதை முதலில் வரும், சுருக்கென்று. அது எல்லா ஓட்டக்காரிக்கும் இருக்கும். அடுத்து முன்னங்கால். அவளுக்கு இடது கால். அந்த இரண்டாவது உதை வந்ததும் போகாது. நின்று தள்ளும். சேற்றில் மாட்டிக்கொண்ட லாரியை ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்களே, அப்படி ஒரு தள்ளு. என் உள்ளங்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, பின்னால் ஊன்றிய கை வரைக்கும் ஏறும். அது சரியாக வந்துவிட்டால், முகத்து மண்ணைத் துடைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு இவள்தான் என்று. ஒரு தடவை கூட அது தப்பியதில்லை, அவளிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது படிக்கும்போது மாநிலப் போட்டிக்கு அவள் ஓட, நான் துணைக்கு என்று சென்னைக்குப் போனோம். சிந்தடிக் ட்ராக்கை நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதலில் கண்ணால் பார்த்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டதும் நான் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவள் பிளாக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு அதிகாரி ஓடி வந்தார்.

"ஏம்மா, யாரு நீ? இங்கெல்லாம் புடிக்க வேணாம். எழுந்து போ, எழுந்து போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எழுந்து போய் கேலரியில் உட்கார்ந்தேன். பிளாக்கில் இறங்குவதற்கு முன்னால் அவள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு குனிந்தாள், ஓடினாள், ஜெயித்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் செருப்பு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஓடியதெல்லாம் சிந்தடிக்தான். விளையாட்டு விடுதி, வடக்கே கேம்ப், பிறகு வெளிநாடு என்று போய்க்கொண்டே இருந்தாள். நான் உடற்கல்வி படித்தேன், சிதம்பரத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. அவள் ஓடுவதை டிவியில் பார்ப்பேன். கேமரா ஒவ்வொருத்தியாகக் காட்டிக்கொண்டு வரும். அவள் உட்கார்ந்திருப்பாள், பின்னால் வெறும் ட்ராக். செட் என்றதும் என் கால் இரண்டும் தானாக நீண்டு எதையாவது தேடி அழுத்திக்கொள்ளும். கட்டில் கால், சுவர், எது கிடைக்கிறதோ அது. "டிவி ஸ்டேண்ட உதைச்சி தள்ளிடாத தாயி" என்று என் கணவர் எட்டவே உட்காருவார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அப்போது சிரிப்பு வராது. அவள் மெடல் வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் பாதம் இரண்டும் சும்மா இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு போட்டி. பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அவள் மட்டும் கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டாள். இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்தது மாதிரி இருந்ததாம், திரும்பிப் பார்த்தாளாம், யாரும் இல்லையாம். பிறகு போனில் பேசும்போது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு பெங்களூரில் மாதக்கணக்கில் பயிற்சி, மருத்துவம். மறுபடி எப்போது ஓடுவீர்கள் என்று பேப்பர்காரர்கள் முதலில் அடிக்கடி கேட்டார்கள், அப்புறம் எப்போதாவது கேட்டார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். நான் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தடவை பேசும்போதும் எப்படி இருக்கிறது, எப்போது ஓடுவாய் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். அவளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்குக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் பள்ளி கேட்டில் வந்து நின்றாள். தோளில் ஒரு பை. அதில் ஒரு பக்கம் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ, இன்னொரு பக்கம் அவள் அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு. மாசி மகத்துக்காக ஊருக்கு வந்தவள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமி பார்த்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். இளைத்திருந்தாள். நடையைப் பார்த்தேன். நொண்டல் எதுவும் இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அடுத்த வாரம் கேம்ப்ல ட்ரையல் வெச்சிருக்காங்க. ஓடிட்டேன்னா டீம்ல சேத்துக்குவாங்க. இல்லன்னா இதோட முடிஞ்சிது. இனிமே கூப்பிட மாட்டாங்க."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"அவுங்க எல்லாம் ஓடலாம்னுதான் சொல்றாங்க. கோச்சும் டைமிங் பரவால்லன்றாரு. ஆனா எனக்கு என்னமோ இடிக்குதுடி. ஸ்டார்ட்ல இன்னா நடக்குதுன்னு வாட்ச் சொல்லாது." பையைக் கீழே வைத்தாள். "நீ ஒரு வாட்டி புடி. அந்த ரெண்டாவது உதை இருக்குதுன்னு உன் காலு சொன்னா நான் போறேன். இல்லன்னு சொன்னா போவல."

பெரிய பெரிய டாக்டர்கள் மெஷின் வைத்துப் பார்த்த காலை, வெடிப்பு விழுந்த என் உள்ளங்காலை வைத்துச் சோதிக்கப் போகிறாளாம். கிண்டல் பண்ணுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். பண்ணவில்லை.

ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்து, உடைந்த வாலிபால் கம்பங்களுக்கு அடியிலிருந்து பிளாக்கை இழுத்தேன். துரு ஏறிக் கிடந்தது. ஆணிகளில் பாதியைக் காணோம். ஆண்டு விளையாட்டு விழாவுக்காக முந்தின நாள்தான் மைதானத்துக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். மண் பொதபொதவென்று இருந்தது. பழைய கடலூர் மைதானம் மாதிரியே. பிளாக் பிடிக்க ஆள் நான் இருக்கிறேன், கிளாப்பர் அடிக்க ஆள் வேண்டுமே? அந்த நேரம் பார்த்து இட்லிப் பார்சலோடு என் கணவர் பைக்கில் வந்தார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவர். வாழ்க்கையில் மைதானப் பக்கம் ஒதுங்காதவர்.

"மாமா, ஆன் யுவர் மார்க் சொல்லு. கொஞ்சம் விட்டு செட் சொல்லு. அப்புறம் இத தட்டு."

"நானா? இந்தப் பொண்ணுக்கா?" என்று அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஏதோ கோயிலில் மணி அடிக்கச் சொன்ன மாதிரி இரண்டு பலகையையும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டத்தில் பாதத்தை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. அவள் முன்னால் வந்து குனிந்து, ஒவ்வொரு காலாக உதறி, பிளாக்கில் வைத்தாள். அந்த உதறல் மாறவே இல்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் குதிகால் என் கண் முன்னால் வந்திருக்கிறது! இடது கால் பின்பக்கத்தில் நீளமாகத் தழும்பு. அதை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் வேறெங்கே பார்ப்பது?

என் கணவர் செட் என்று சொல்லிவிட்டு, சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

முதல் உதை வந்தது. அம்மாடி, முன்னைவிட பலமாக வந்தது. நான் சாக்கோடு ஒரு விரல் பின்னால் நகர்ந்துவிட்டேன். அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தொட்டது மாதிரி இருந்தது, போய்விட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், அழகாகத்தான் ஓடினாள். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவர் கண்ணுக்கு அது மின்னல்.

அவள் திரும்பி வந்தாள். உடம்பு இன்னும் சூடாகவில்லை என்று அவளாகவே சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தாள். மறுபடியும் அப்படித்தான். முதல் உதை மலை மாதிரி, இரண்டாவது ஒன்றுமே இல்லை. நான் பிடித்ததில்தான் கோளாறோ என்று பாதத்தை மாற்றி வைத்தேன். சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தேன். மனதுக்குள் தில்லைக் காளியம்மனை வேண்டிக்கொண்டேன். அந்த ஒரு தள்ளு வந்துவிடட்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று. மூன்றாவது தடவை நன்றாகவே தெரிந்துவிட்டது. காலில் பலம் குறைவு என்றால் வேறு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. தள்ளத் தொடங்குகிறாள், பாதியில் பயந்துகொண்டு காலை எடுத்துவிடுகிறாள். சூடான பாத்திரத்தைத் தொட்ட கை மாதிரி.

அந்தக் கடைசி ஓட்டத்திலிருந்து அவள் திரும்பி நடந்து வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று முடிவு செய்தாக வேண்டும். இருக்குதுடி, அப்படியே இருக்குது, கிளம்பிப் போ. இந்த வார்த்தைகள் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அவள் ஓட வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை ஜாஸ்தி. மறுபடி டிவி முன்னால் உட்கார வேண்டும், சுவரில் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? என் பாதத்துக்குள் வந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

வந்து என் எதிரில் நின்றாள். கேட்கக்கூட இல்லை. என் காலைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் பொய் சொல்லியிருப்பேனோ என்னமோ. அவள் என் காலிடம் கேட்க வந்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"மொத உதை முன்னைய விட ஜாஸ்தியாவே இருக்குது. ரெண்டாவது வரலடி. பாதி தள்றதுக்குள்ள கால எடுத்துடற."

தலையை ஆட்டினாள்.

"தெரியும். கால் நல்லாயிடுச்சி. எனக்குத்தான் நல்லாவல. அழுத்தும்போதெல்லாம் அந்த சத்தம் கேக்குதுடி, நாரு அறுந்த சத்தம். யார்கிட்ட சொன்னாலும் போவப் போவ சரியாயிடும்ன்றாங்க. ஒரு வருஷமா சரியாவல."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். நானும் அழுதேன். நான்தான் சத்தமாக அழுதேன். என் கணவர் கிளாப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கோல் போஸ்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

திடீரென்று மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுந்திரு. நீ போய் முன்னாடி குந்து. நான் புடிக்கறேன்."

"பைத்தியமாடி உனக்கு? நானு ஓடி எத்தினி வருஷமாவுது. இடுப்பு புடிச்சிக்கும்."

"புடிச்சிக்கட்டும். ஒரு வாட்டிகூட உனக்கு நான் புடிச்சதில்ல. நான் துண்டு போட்டுப் படுத்துக்கினு இருப்பேன், எவளோ ஒருத்தி பொரி தின்னுகினே உனக்குப் புடிப்பா. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அவள் தூங்குகிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்தப் பொரியை நான் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்க் குனிந்தேன்.

மிதிகட்டையில் காலை வைத்ததுமே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பின்னால் அவள் அழுத்திப் பிடித்திருக்கிறாள் என்பது முதுகுத்தண்டு வரைக்கும் தெரிந்தது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது கதவைத் தாழ் போடாமல் தூங்குவோமே, அந்த மாதிரி ஒரு தைரியம். நான் பிளாக் பிடித்த காலமெல்லாம் ஏதோ எடுபிடி வேலை செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் உட்கார்ந்தவளுக்கு இப்படி இருக்கும் என்று யார் சொன்னார்கள்? சென்னையில் அவள் எதற்காகத் திரும்பிப் பார்த்தாள் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது.

என் கணவர் இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே தட்டினார். உதைத்தேன். பிளாக் ஒரு நூல்கூட அசையவில்லை. ஓடினேன் என்று சொன்னால் என் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் ஓடினேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த பாதி தூரம் வரைக்கும் போய், மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், காலை எடுக்காமல். முகம் முழுக்கச் சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"இவ்ளோ மண்ணு வந்து அடிக்கும்னு ஒரு நாளும் சொல்லவே இல்லியேடி!"

அழுத கண்ணோடு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"உனக்கு ரெண்டாவது உதை நல்லா வருதுடி. அப்போ நான் வந்து புடிச்சிருந்தா நீயும் ஒரு மெடலு வாங்கியிருப்ப."

ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்டேன். சாயந்திரம் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். ட்ரையலைப் பற்றி இரண்டு பேரும் மறுபடி பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக வந்திருந்தது, அவள் ஓட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறாள் என்று. பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார்கள். பிளாக்கில் குனிந்திருக்கிறாள், பின்னால் வெறும் ட்ராக்.

பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத நாள் குறைவு. போயிருப்பாள். ஒருவேளை பயம் தெளிந்து அந்த உதை திரும்பி வந்திருக்கும். ஒருவேளை நார் மறுபடி அறுந்திருக்கும். எது என்று எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. ஒரு நாள் போனில் அவளிடம் கேட்டேவிட்டேன். "நீ இருக்குன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்டி. ஆனா போயிருப்பேன்" என்றாள். இப்போது வடக்கே எங்கோ சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். முன்னைவிடக் குறைவாகத்தான் பேசிக்கொள்கிறோம். எப்போது ஓடுவாய் என்று கேட்பதற்கு இல்லாமல் போனதும், நான் அவளிடம் என்ன கேட்பது என்று சில சமயம் தடுமாறுகிறேன்.

எங்கள் மைதானம் இன்னும் மண்தான். ஆண்டு விளையாட்டு விழா வந்தால் பிளாக் பிடிக்கப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள், நான் விடுவதில்லை. டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று மற்றவர்கள் கேட்பார்கள். சாக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன். எத்தனையோ பெண்கள் உதைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், நல்ல உதைதான், மண்ணும் முகத்தில் வந்து அடிக்கத்தான் செய்கிறது. துடைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான், ஆனால் அந்த நின்று தள்ளுகிற ஒன்றுக்காக என் பாதம் இரண்டும் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சட்டத்தை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கின்றன.